யுகுலேலேயில் மாயாமாளவகௌளை: உயர் ஜி தந்தியின் துணையோடு கற்பதற்கான முழுமையான வழிகாட்டி

மேற்கத்திய இசைப் பயிற்சி நூல்கள் 'டபுள் ஹார்மோனிக்' என்றும் 'பைசாண்டைன்' என்றும் அழைக்கும் ஸ்கேல், மேஜர், மைனர், பென்டடானிக் ஆகியவை எல்லாம் முடிந்த பிறகு, அபூர்வ ஸ்கேல்களுக்கென ஒதுக்கிய கடைசிப் பக்கங்களில்தான் பெரும்பாலும் இடம்பெறுகிறது. அரபு இசையின் ஹிஜாஸ் கார், இந்துஸ்தானி இசையின் பைரவ் தாட் ஆகியவையும் இதே ஸ்வர வரிசையை ஒட்டியவையே. கர்நாடக இசையில் இது, தாய் ராகங்களாகிய மேளகர்த்தாக்களில் 15-ஆவதான மாயாமாளவகௌளை. புரந்தரதாசர் வகுத்ததாகப் போற்றப்படும் பாடமுறையில் முதல் பயிற்சியாகிய சரளி வரிசை இந்த ராகத்தில்தான் தொடங்குகிறது என்பதால், சிறு வயதில் சில மாதங்களாவது பாட்டு வகுப்புக்குச் சென்றவர்களின் காதில் இது ஏற்கெனவே பதிந்திருக்கும். அத்தகையவர்களுக்கு எஞ்சியிருப்பது விரலுக்கான வேலை மட்டுமே.

அந்த வேலையும் யுகுலேலேயில் எதிர்பாராத அளவுக்கு எளிது. இந்த ராகத்தின் எட்டு ஸ்வரங்களையும் உற்றுப் பார்த்தால் அவை நான்கு ஜோடிகளாகப் பிரிவது தெரியும்: ஸ-ரி, க-ம, ப-த, நி-மேல் ஸ. ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் இடைவெளி ஒரே ஒரு ஃப்ரெட், அதாவது கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பிகளுக்கு இடையிலான ஒரு கட்டம். யுகுலேலேயிலும் தந்திகள் நான்கு. வழக்கமான சுருதியில் தந்திக்கு ஒரு ஜோடி வீதம் இந்த ராகம் அப்படியே பொருந்திவிடுகிறது. அந்தப் பொருத்தத்தை அடிப்படையாகக் கொண்டே இந்த வழிகாட்டி அமைந்துள்ளது.

படி 1: கருவியும் சுருதியும்

இங்கே சொல்லப்படுபவை சோப்ரானோ, கான்சர்ட், டெனர் ஆகிய மூன்று அளவுகளுக்கும் பொருந்தும். பாரிடோனின் சுருதி வேறு என்பதால் அதற்கு நேரடியாகப் பொருந்தாது. தரையை நோக்கியிருக்கும் தந்தியை முதல் தந்தி என்றும், வாசிப்பவரின் முகத்துக்கு அருகில் இருப்பதை நான்காம் தந்தி என்றும் கொள்வது வழக்கம். அந்தக் கணக்கில் முதல் தந்தி ஏ, இரண்டாவது இ, மூன்றாவது சி, நான்காவது ஜி. இவற்றுள் நான்காம் தந்தி மூன்றாவதைக் காட்டிலும் உயர்ந்து ஒலிக்க வேண்டும். அதாவது நான்கு தந்திகளிலும் தாழ்ந்து ஒலிப்பது மூன்றாவதாகிய சி தந்தியே. மடெய்ராத் தீவிலிருந்து 1879-இல் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் ஹொனலூலு வந்திறங்கிய போர்த்துக்கீசியர்களின் சிறு கிதார் வகைகளிலிருந்து ஹவாயில் உருவான இக்கருவிக்கு, அதன் துள்ளலான ஓசையைத் தருவதில் இந்த உயர் ஜி தந்திக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு ஸ்தாயி தாழ்ந்து ஒலிக்கும் தடித்த 'லோ ஜி' தந்தி பூட்டியிருப்பவர்கள் படி 3-இல் தரப்படும் மாற்று அமைப்பைப் பின்பற்றலாம்.

சி தந்தியை ஸட்ஜமாகக் கொண்டு தொடங்குவோம். இது பாட்டு வகுப்பு வழக்கில் ஒரு கட்டைச் சுருதி. ட்யூனரால் தந்திகளைச் சேர்த்த பின், சுருதிப் பெட்டியையோ கைப்பேசியில் உள்ள தம்பூரா செயலியையோ ஒரு கட்டையில் வைத்துக்கொள்ளுங்கள். தந்திகளைத் திறந்த நிலையில் மீட்டினால் நான்காவது பஞ்சமமாகவும் (ப), மூன்றாவது ஸட்ஜமாகவும் (ஸ), இரண்டாவது இந்த ராகத்துக்குரிய அந்தர காந்தாரமாகவும் (க) ஒலிக்கும். முதல் தந்தி மட்டும் இந்த ராகத்தில் இல்லாத சதுஸ்ருதி தைவதத்தில், அதாவது நமக்கு வேண்டிய தைவதத்தைவிட (த) ஒரு ஃப்ரெட் உயர்ந்த ஸ்வரத்தில், நிற்கிறது. இதை இப்போதே மனத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. வாசிக்கும்போது திறந்த முதல் தந்தியில் விரல் தவறிப் பட்டுவிட்டால் ராகத்தின் நிறமே மாறிப்போகும்.

வாசிக்கத் தொடங்கும் முன் ஒரு சோதனையும் தேவை. விலை குறைந்த யுகுலேலேக்கள் பலவற்றில், கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் அமர்ந்திருக்கும் 'நட்' என்ற பட்டை தேவைக்கு மேல் உயரமாக இருக்கும். அதனால் முதல் ஃப்ரெட்டில் அழுத்தும்போது தந்தி அதிகமாக இழுபட்டு, ஸ்வரம் ஏறி ஒலிக்கும். மற்ற பாடங்களில் இது பொறுத்துக்கொள்ளக்கூடிய குறை என்றாலும், ரி, ம, த ஆகிய மூன்று ஸ்வரங்களும் முதல் ஃப்ரெட்டிலேயே அமையும் இந்தப் பாடத்தில் காதை உறுத்தும். ட்யூனரை இயக்கி, ஒவ்வொரு தந்தியையும் திறந்த நிலையிலும் முதல் ஃப்ரெட்டிலும் மீட்டிப் பாருங்கள். மென்மையாக அழுத்தியும் முள் பத்து சென்ட்டுக்கு (ஒரு ஃப்ரெட் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேல் ஏறி நின்றால், கருவி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து நட்டின் பள்ளங்களைச் சற்று அராவச் சொல்லலாம். அதுவரை, படி 6-இல் வரும் இரண்டு கட்டை அமைப்பில் பயிலலாம். அங்கே முதல் ஃப்ரெட்டுக்கு வேலையே இல்லை.

படி 2: ஒரே தந்தியில் ராகத்தைப் பார்த்தல்

நான்கு தந்திகளுக்குப் பரவுவதற்கு முன், வீணையில் வாசிப்பதைப் போல மூன்றாம் தந்தியில் மட்டும் ராகத்தை ஒருமுறை ஏறி இறங்குவது அவசியம். ஃப்ரெட் எண்கள் இவை:

ஸ 0, ரி 1, க 4, ம 5, ப 7, த 8, நி 11, மேல் ஸ 12

ரியிலிருந்து காந்தாரத்துக்கும், தைவதத்திலிருந்து நிஷாதத்துக்கும் மூன்று ஃப்ரெட் தூரம் தாவ வேண்டியிருப்பதைக் கை உணரும். இந்த ராகத்தின் தனிக்குணம் அந்த இரண்டு தாவல்களில்தான் இருக்கிறது. மேலும், 0-1-4-5 என்ற முதற்பாதியும் 7-8-11-12 என்ற இரண்டாம் பாதியும் அமைப்பில் ஒன்றே. ஸரிகம-வை ஏழு ஃப்ரெட் தள்ளி வாசித்தால் பதநிஸ கிடைத்துவிடுகிறது. ஆகவே உண்மையில் மனப்பாடம் செய்யவேண்டியது பாதிதான். விரல் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதைவிட, வாய்விட்டு ஸ்வரத்தைச் சொல்லிப் பாடிக்கொண்டே வாசிப்பது இந்தக் கட்டத்தில் அதிகப் பயன் தரும். பாட்டுக் குரல் இல்லை என்று தயங்க வேண்டாம், முணுமுணுத்தாலே போதும்.

படி 3: நான்கு தந்தி, நான்கு ஜோடி

இனி இந்த வழிகாட்டியின் மையப் பகுதிக்கு வருகிறோம். ஆரோகணத்தைப் பின்வருமாறு பிரித்து வாசிக்க வேண்டும்:

ஸ, ரி: மூன்றாம் தந்தி, ஃப்ரெட் 0, 1
க, ம: இரண்டாம் தந்தி, ஃப்ரெட் 0, 1
ப, த: நான்காம் தந்தி, ஃப்ரெட் 0, 1
நி, மேல் ஸ: முதல் தந்தி, ஃப்ரெட் 2, 3

முதல் மூன்று ஜோடிகளிலும் ஆள்காட்டி விரல் ஒன்றே முதல் ஃப்ரெட்டில் தந்தி மாறி மாறி அமர்கிறது. கடைசி ஜோடியில் நடுவிரல் இரண்டாம் ஃப்ரெட்டிலும் மோதிர விரல் மூன்றாம் ஃப்ரெட்டிலும் வருகின்றன. இடக்கை தன் இடத்தை விட்டு நகரவே தேவையில்லை. அவரோகணம் இதே வழியில் திரும்பி வருவதுதான்.

ஸ்வரம் படிப்படியாக மேலேறிக்கொண்டிருக்க, மீட்டும் கையோ மூன்று, இரண்டு, நான்கு, ஒன்று என்று முன்னும் பின்னும் போய்வருவதால் தொடக்கத்தில் குழப்பம் ஏற்படும். அதற்குத் தீர்வு வலக்கை விரல்களுக்கு நிலையான பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பது. மூன்றாம், நான்காம் தந்திகள் கட்டைவிரலுக்கும், இரண்டாம் தந்தி ஆள்காட்டி விரலுக்கும், முதல் தந்தி நடுவிரலுக்கும் உரியவை. அதன்படி ஆரோகணம் முழுவதும் கட்டை-கட்டை, ஆள்காட்டி-ஆள்காட்டி, கட்டை-கட்டை, நடு-நடு என்று அமையும். இடக்கையை விட்டுவிட்டு, திறந்த தந்திகளில் வலக்கை வரிசையை மட்டும் பழகிக்கொள்ளலாம். முதல் தந்தியின் தவறான தைவதம் அப்போது ஒலிக்கத்தான் செய்யும்; அந்தச் சில நிமிடங்களுக்கு அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

இந்த அமைப்பை விட்டு, பஞ்சமத்தையும் தைவதத்தையும் இரண்டாம் தந்தியின் மூன்றாம், நான்காம் ஃப்ரெட்டுகளில் வாசிக்கவும் முடியும். லோ ஜி பூட்டியவர்களுக்கு அதுவே வழி. ஆனால் உயர் ஜி இருக்கும்போது நான்காம் தந்தியைத் தவிர்ப்பது நட்டம் என்பேன். அடுத்தடுத்த ஜோடிகள் வெவ்வேறு தந்திகளில் அமைவதால், ஒரு ஜோடியின் நாதம் அடங்குவதற்குள் அடுத்தது எழுந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படர்ந்து ஒலிக்கும். மேற்கத்திய வாத்தியக்காரர்கள் 'காம்பனெல்லா' என்று சொல்லும் இந்த முறைக்கு யுகுலேலே மிகவும் ஏற்றது. இருப்பினும், மத்யமம் ஒலித்துக்கொண்டிருக்கையில் பஞ்சமம் வந்து சேரும் இடத்தில் சற்று உரசல் தோன்றும். அதை விரும்பாதவர்கள், பஞ்சமத்தை மீட்டும் அதே கணத்தில் மத்யம விரலின் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். விரலைத் தந்தியை விட்டே எடுத்துவிட்டால் திறந்த தந்தியாகிய காந்தாரம் மெலிதாக ஒலிக்கக்கூடும்; தளர்த்தித் தொட்டுக்கொண்டே இருந்தால் ஒலி அடங்கிவிடும்.

படி 4: வரிசைகள்

மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 துடிப்பில் வைத்து, துடிப்புக்கு ஒரு ஸ்வரமாக முதல் சரளி வரிசையை ஆதி தாளத்தில் தொடங்குங்கள் (ஸ் என்பது மேல் ஸ):

ஸ ரி க ம | ப த | நி ஸ் ||
ஸ் நி த ப | ம க | ரி ஸ ||

இது தட்டுத் தடங்கலின்றி வந்த பிறகே துடிப்புக்கு இரண்டு, பின்னர் நான்கு என்று இரண்டாம், மூன்றாம் காலங்களுக்குச் செல்ல வேண்டும். மெட்ரோனோமின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, துடிப்பை அப்படியே வைத்துக் காலத்தை மாற்றும் நம் வகுப்பு முறையே சிறந்தது. வாசிப்பவர் எங்கே அவசரப்படுகிறார் என்பது அதில் உடனே வெளிப்பட்டுவிடும்.

இரண்டாம் வரிசையாகிய 'ஸ ரி ஸ ரி ஸ ரி க ம', யுகுலேலேக்காகவே எழுதியது போன்றது. ஸ-ரி ஜோடி ஒரே தந்தியில் மூன்று முறை திரும்பத் திரும்ப வருவதால் ஆள்காட்டி விரலுக்கு நல்ல பயிற்சி கிடைக்கிறது. 'ஸ ரி க ஸ ரி க ஸ ரி' என்று தொடங்கும் மூன்றாம் வரிசை நேர்மாறானது. தந்தி மாறும் இடமும் தாளத்தின் அழுத்தம் விழும் இடமும் ஒத்துப்போகாததால், பலரும் இதில்தான் தடுமாறுவார்கள். இந்த வரிசையில் நிதானமாக நேரம் செலவிடுவது தகும். சரளி வரிசைகள் கைவந்தபின், ஸஸ ரிரி கக மம என வரும் ஜண்டை வரிசைக்குச் செல்லலாம். அங்கே ஜோடியின் இரண்டாவது ஸ்வரத்தைச் சற்று அழுத்தி மீட்ட வேண்டும் என்பது வாய்ப்பாட்டு மாணவர்களுக்குத் தெரிந்த விதிதான். அதே தந்தியை ஒரே விரலால் இருமுறை மீட்டாமல் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என மாற்றி மாற்றி மீட்டினால் அந்த அழுத்தம் இயல்பாக வரும்.

படி 5: ஃப்ரெட்டுகளுக்கு இடையே உள்ள ராகம்

மேளத்தின் ஸ்வரங்களைச் சரியாக வாசிப்பதும் ராகத்தை வாசிப்பதும் ஒன்றல்ல. மாயாமாளவகௌளையின் ரிஷபமும் தைவதமும் அசைவோடு பாடப்படுபவை. அவற்றை அசையாமல் ஃப்ரெட்டில் நிறுத்தினால் பயிற்சி நூலின் ஸ்கேல்தான் கேட்கும். யுகுலேலேயின் நைலான் தந்தி எஃகுத் தந்தியைப் போல இழுப்புக்கு எளிதில் இசைந்து கொடுப்பதில்லை. நட்டுக்கு நெருங்கிய முதல் ஃப்ரெட்டில் அது இன்னும் கடினம். எனவே இங்கே வேறு உத்தி தேவை. மூன்றாம் தந்தியைத் திறந்த நிலையில் ஒருமுறை மீட்டி, ஒலி அடங்குமுன் ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டில் தட்டி அமர்த்தினால், மறுபடி மீட்டாமலே ரிஷபம் பிறக்கும். அந்த விரலைத் தந்தியைச் சுண்டியவாறு எடுத்தால் மீண்டும் ஸட்ஜம் கேட்கும். தட்டுவதையும் சுண்டுவதையும் ஒரே மீட்டில் ஓரிரு முறை செய்தால், ரிஷபத்தின் அசைவுக்கு ஓரளவு நெருங்கிய ஓசை கிடைக்கிறது. ஒவ்வொரு தந்தியிலும் ஒரு ஜோடி அமைந்திருப்பதன் பயன் இங்கே இன்னொரு முறை தெரியும்: இதே உத்தியை க-ம, ப-த, நி-ஸ ஜோடிகளிலும் அப்படியே செய்யலாம்.

ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஜாருவுக்கு முதல் தந்தியின் மேல்பகுதி ஏற்றது. அங்கே மேல் ஸ 3, ரி 4, க 7, ம 8, ப 10, த 11 என்ற ஃப்ரெட்டுகளில் அமைகின்றன. ரியிலிருந்து காந்தாரத்துக்கு விரலை எடுக்காமல் வழுக்கிச் செல்வதைப் பழகுங்கள். ஃப்ரெட் உள்ள மேற்கத்தியக் கருவியில் கமகம், அதாவது ஸ்வர அசைவு, வராது என்ற எண்ணத்தை யு. ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினில் பல்லாண்டுகளுக்கு முன்பே தகர்த்துவிட்டார். ஒலி விரைவில் அடங்கிவிடும் யுகுலேலேயில் அத்தனையும் கிட்டாது என்றாலும், அவருடைய பதிவுகளை ஊன்றிக் கேட்டால் எந்த அசைவை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்ற தெளிவு பிறக்கும்.

தம்பூராவோடு சேர்ந்து வாசிக்கும்போது மற்றொன்றும் புலப்படும். ஃப்ரெட்டுகள், ஸ்தாயியைப் பன்னிரண்டு சம இடைவெளிகளாகப் பிரிக்கும் சமப் பங்கீட்டு முறையில் பதிக்கப்பட்டவை. தம்பூராவின் நாதத்தோடு முழுமையாக இழையும் அந்தர காந்தாரத்தைவிட யுகுலேலேயின் காந்தாரம் ஏறத்தாழ 14 சென்ட் ஏறியே ஒலிக்கும். ரிஷபமும் தைவதமும் 12 முதல் 14 சென்ட் வரை இறங்கி ஒலிக்கும். ரி, த இரண்டையும் அழுத்தும்போது தந்தியைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளினால் அவை ஏறிச் சேர்ந்துவிடும். காந்தாரம் திறந்த தந்தி என்பதால் அதை அப்படித் திருத்த முடியாது. அதற்காக இரண்டாம் தந்தியின் சுருதியையே இறக்கிவிடலாமா என்றால், கூடாது என்பதே என் கருத்து. இறக்கினால் அதே தந்தியில் இருக்கும் சுத்த மத்யமமும் சேர்ந்து இறங்கிக் கெட்டுப்போகும்.

படி 6: கட்டை மாற்றுதல்

கூடப் பாடுபவரின் குரலுக்கேற்பச் சுருதியை மாற்ற வேண்டியிருக்கும். மேலே கற்ற அமைப்பை அப்படியே இரண்டு ஃப்ரெட் மேலே நகர்த்தினால் இரண்டு கட்டை வந்துவிடும்: மூன்றாம், இரண்டாம், நான்காம் தந்திகளில் 2, 3; முதல் தந்தியில் 4, 5. திறந்த தந்தி எதுவும் இல்லாததால் ஜோடியின் கீழ் ஸ்வரத்தை ஆள்காட்டி விரலும், மேல் ஸ்வரத்தை நடுவிரலும் ஏற்கும். முதல் தந்தியில் மட்டும் மோதிர விரலும் சுண்டு விரலும். இதே கணக்கில் ஏழு ஃப்ரெட் நகர்த்தினால் ஐந்து கட்டை கிடைக்கும். சோப்ரானோவில் அங்கே விரல் வைக்க இடம் நெருக்கடியாகிவிடும். ஐந்து கட்டையில் அடிக்கடி வாசிக்க வேண்டியவர்களுக்கு டெனர் அளவே வசதி.

படி 7: கார்டுகள்

கர்நாடகக் கச்சேரி முறைக்குக் கார்டு தேவையில்லை. ஆனால் திரையிசைக்கோ இணைப்பிசைக்கோ இந்த ராகத்தைப் பயன்படுத்த விரும்புபவர்களுக்குக் கார்டுகள் இல்லாமல் முடியாது. கீழே உள்ள எண்கள் நான்காம் தந்தியிலிருந்து முதல் தந்தி வரையிலான ஃப்ரெட்டுகளைக் குறிக்கும். சுருதி ஒரு கட்டை.

சி மேஜர்: 0-0-0-3
டி ஃப்ளாட் மேஜர்: 1-1-1-4
இ மைனர்: 0-4-3-2
எஃப் மைனர்: 1-0-1-3

சி மேஜரின் வடிவத்தை ஒரு ஃப்ரெட் நகர்த்தினால் டி ஃப்ளாட் மேஜர் என்பதால், இவ்விரண்டுக்கும் இடையே போய்வருவதே இந்த ராகத்துக்கான மிக எளிய பின்னணி. யுகுலேலே கற்போர் முதல் வாரத்திலேயே பழகிவிடும் எஃப் மேஜர் இங்கே பொருந்தாது, அதில் சதுஸ்ருதி தைவதம் இருக்கிறது. அதன் இடத்தை எஃப் மைனர் எடுத்துக்கொள்ளும். 0-2-1-2 என்று வாசிக்கும் ஜி செவன் கார்டிலும் சதுஸ்ருதி ரிஷபம் ஒளிந்திருக்கிறது. மூன்றாம் தந்தியின் விரலை ஒரு ஃப்ரெட் இறக்கி 0-1-1-2 என்று வையுங்கள். இப்போது ப, ரி, ம, நி ஆகிய நான்கும் ராகத்துக்குள்ளேயே அடங்கும்; அங்கிருந்து சி மேஜருக்கு வந்து சேரும்போது ரி ஸட்ஜத்திலும், ம காந்தாரத்திலும், நி மேல் ஸட்ஜத்திலும் ஒவ்வொரு ஃப்ரெட் தூரத்தில் போய் அமர்கின்றன. இவ்வளவு நிறைவான முடிப்பு வழக்கமான ஜி செவனில் கிடைப்பதில்லை.

படி 8: பாட்டுக்கும் பிற ராகங்களுக்கும்

வரிசைகளுக்குப் பின் உடனே கீர்த்தனைக்குத் தாவுவதைவிட, மாயாமாளவகௌளையின் ஜன்யமான (அதிலிருந்து பிறந்த ராகமான) மலஹரியில் அமைந்த தொடக்கக் கீதங்களை எடுத்துக்கொள்வது நல்லது. மலஹரியின் ஆரோகணம் ஸ ரி ம ப த ஸ், அவரோகணம் ஸ் த ப ம க ரி ஸ. ஏறும்போது காந்தாரத்தையும், இரு வழியிலும் நிஷாதத்தையும் விட்டுவிட வேண்டும் என்பதால், இதுவரை பழகிய விரல்கள் தானாகவே காந்தாரத்தைத் தொட முனையும். அதைக் கட்டுப்படுத்துவதுதான் இங்கே பயிற்சி. பிறகு மத்யமத்தை முழுவதுமாக விலக்கும் பௌளிக்குச் செல்லலாம்: ஏறும்போது ஸ ரி க ப த ஸ், இறங்கும்போது மட்டும் நிஷாதம் சேர்ந்து ஸ் நி த ப க ரி ஸ.

கைகள் நன்றாகப் பழகிய பின் கிரக பேதத்தை, அதாவது ஆதார ஸட்ஜத்தை வேறொரு ஸ்வரத்துக்கு மாற்றிப் புதிய ராகம் காண்பதை, முயன்று பார்க்கலாம். தம்பூராவை எஃப்-க்கு, அதாவது நான்கு கட்டைக்கு மாற்றிவிட்டு, இதே ஸ்வரங்களை மத்யமத்திலிருந்து தொடங்கி வாசியுங்கள்: இரண்டாம் தந்தியில் 1, நான்காம் தந்தியில் 0, 1, முதல் தந்தியில் 2, 3, 4, 7, 8. ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்றாமலே 57-ஆவது மேளமாகிய சிம்மேந்திரமத்யமம் கேட்கும். மேற்கத்திய நூல்களில் இது ஹங்கேரியன் மைனர் என்று வரும். ரிஷபத்தை ஆதாரமாக்கினால், அதாவது சுருதியை ஒன்றரைக் கட்டையில் வைத்தால், மேளகர்த்தா வரிசையின் கடைசி ராகமாகிய ரசிகப்ரியா கிடைக்கும். இதற்கு முதல் தந்தியில் 4, 7, 8, 10, 11 வரை ஏறிப் பாருங்கள். அது ரசிகப்ரியாவின் ஸ ரி க ம ப. தைவதம் பதினான்காம் ஃப்ரெட்டில் இருப்பதால், பன்னிரண்டு ஃப்ரெட்டுகளோடு முடியும் சோப்ரானோவில் பஞ்சமத்தோடு திரும்பிவிட வேண்டியதுதான்.